ஏழாம் நம்பரின் கடைசி சீசன்

"ஏம்மா, இந்த ஆட்டத்துக்குள்ள என்னைப் போட முடியுமா?"

பஸ் டிரைவர் இப்படிக் கேட்டது கடைக்காரனின் தங்கையிடம். யார் எது கேட்டாலும் அவள் வாய் திறப்பது அபூர்வம். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு அண்ணனுடைய வீடியோ கேம் கடைக்கு வந்தவளுக்கு, காலடிச் சத்தம்கூடக் கேட்காமல் நடமாடியதால் பூனை என்றே பெயராகிவிட்டது. ஆனால் மறுநாள் டிரைவர் வந்து உட்கார்ந்தபோது, கால்பந்து ஆட்டத்தில் ஏழாம் நம்பர் சட்டையோடு அவரே நின்றிருந்தார். அதே வழுக்கை, அதே மீசை, அதே தொப்பை.

"தொப்பையைக் கொஞ்சம் குறைச்சிருக்கலாம்," என்றார். சொல்லிவிட்டு நெடுநேரம் திரையையே பார்த்தார். முட்டி போவதற்கு முன்னால் அவர் நிஜமாகவே பந்தாடியவர்.

அப்புறம் கேட்க வேண்டுமா? லாண்டரிக்காரர், அவர் மச்சான், மருந்துக்கடைக்காரர் என்று ஆளாளுக்குத் தன் முகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கடைக்கென்று ஒரே அணி உருவாயிற்று. சாயங்காலங்களில் முறைபோட்டு ஆளுக்கொரு மேட்ச் ஆடுவார்கள். ஆட்டத்துக்குள்ளே ஒரு சீசன் போட்டிகள் முடிந்தால் எல்லோருக்கும் ஒரு வயது கூடும். ஆனால் யாரும் கவலைப்படவில்லை. வருஷா வருஷம் ஆட்டத்தின் புதுப் பதிப்பு வரும். பூனை எல்லோரையும், அவர்கள் போட்ட கோல்களோடு சேர்த்து, அதற்குள் குடியேற்றுவாள். அப்போது மட்டும் வயதைத் திருத்திக்கொள்ளலாம்.

அண்ணன் வாங்கிப் போட்டிருந்த ஆட்டப் பெட்டி, ஊரில் விலைபோகாத கன்சோல். எதிர்ச்சாரிக் கடையில் ஓடியதோ ஊரே வாங்கிய கன்சோல். "நம்ம பெட்டிக்கு என்ன குறைச்சல்? எதையும் கொஞ்சம் யோசிச்சுச் செய்யும்," என்பான் அண்ணன். அது யோசிக்கும் நேரத்தில் லாண்டரிக்காரர் ஒரு தூக்கமே போட்டுவிடுவார். ஆனாலும் தன் முகம் இருக்கிற இடத்தை விட்டு யார் போவார்கள்?

ஒரு நாள் அண்ணன் போனைப் பார்த்துக்கொண்டே நாற்காலியில் சரிந்தான். கால்பந்து ஆட்டத்தை வெளியிடும் பெரிய கம்பெனி, இந்தப் பெட்டிக்கு இனி எந்த ஆட்டமும் தருவதில்லை என்று அறிவித்திருந்தது.

"கை கழுவிட்டாங்க."

"அப்ப புதுப் பதிப்பு?" என்றார் லாண்டரிக்காரர்.

"எதிர்க்கடைக்கு வரும். நமக்கு வராது."

"எங்களை அங்கே தூக்கிட்டுப் போக முடியாதா, பூனை?"

அவள் இல்லையென்று தலையாட்டினாள். அந்தப் பெட்டி இந்தப் பெட்டியின் ஆட்களைச் சேர்த்துக்கொள்ளாது.

ஒருவர் பின் ஒருவராகச் சாலையைக் கடந்தார்கள். முகம் போனால் போகிறது, புது ஆட்டம் வேண்டும் என்றாகிவிட்டது. டிரைவர் மட்டும் டியூட்டி முடிந்ததும் இங்கேயே வந்தார். முட்டிக்கு அணைவாகத் தானே கொண்டுவந்து போட்டிருந்த தலையணையைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டு ஆடினார்.

பிறகு ஒரு நாள் திரையில் அறிவிப்பு வந்தது. வயது காரணமாக ஏழாம் நம்பர் இந்த சீசனோடு ஓய்வு பெறுகிறார்.

அண்ணன் திரும்பினான். "எல்லாருக்கும் இருபத்திரண்டு போட்டவ, இவருக்கு மட்டும் ஒவ்வொரு தடவையும் ஏன்டி நிஜ வயசைப் போட்டே?"

"என்னைப் போடுன்னுதானே கேட்டார்," என்றாள் பூனை.

டிரைவர் வாய்விட்டுச் சிரித்தார். "பேசிட்டாப்பா!"

"கவலைப்படாதீங்க அண்ணே. பதினெட்டு வயசுல புதுசா ஒருத்தரைச் செஞ்சு தருவா," என்றான் அண்ணன்.

"பதினெட்டுல எனக்கு மீசையே கிடையாது. அது யாரோ ஒரு பையன். நான் போட்ட கோலெல்லாம் அவனுக்கு எப்படித் தெரியும்?"

பூனை காலியாகக் கிடந்த நாற்காலிகளை எண்ணினாள். இந்த ஒருவரும் போய்விட்டால் அண்ணன் பெட்டிகளை மூட்டை கட்டிவிடுவான். இனி இவர் வருவதற்குத்தான் என்ன காரணம் இருக்கிறது?

கடைசி மேட்சுக்கு டிரைவர் மீசையைச் சீவிக்கொண்டு வந்திருந்தார். ஏழாம் நம்பர் ஓடினார், மூச்சு வாங்கினார். ஒரு பந்தை ஓங்கி அடித்தார். அது கம்பத்தில் பட்டுத் திரும்பியது. "அடச்சே," என்றான் அண்ணன். டிரைவர் முகம் மாறவில்லை.

ஆட்டம் முடியச் சற்று முன்னால் அவர் மாற்று ஆட்டக்காரர்களின் வரிசையைத் திறந்தார். கீழே, கீழே என்று போனார். பூனைக்குத் திக்கென்றது. அவ்வளவு ஆழத்துக்கு யாரும் போனதில்லை. வரிசையின் அடியில், நெற்றி முடியால் பாதி முகத்தை மறைத்துக்கொண்டு ஒருத்தி இருந்தாள். இன்னும் இருபதைத் தாண்டாதவள். ஒரு மேட்ச்கூட ஆடாதவள்.

அண்ணன் கழுத்தை நீட்டினான். "இது யாரு, நம்ம பூனை மாதிரி..."

டிரைவர் பொத்தானை அமுக்கினார். திரையில் ஏழாம் நம்பர் மெல்ல நடந்து கோட்டருகே வந்தார். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. அவர் வெளியேற, அந்தப் பெண் மைதானத்துக்குள் இறங்கினாள்.

டிரைவர் கன்ட்ரோலரைப் பூனையின் கையில் வைத்தார். தலையணையைத் தூசி தட்டி, நாளைக்கும் வந்து உட்காரப்போகிறவரைப் போலத் தன் நாற்காலியின் மேலேயே போட்டார். செருப்பை மாட்டிக்கொண்டு, முட்டியை இழுத்து இழுத்து வெளியே நடந்தார்.