கூம்புக்கு எங்கே வளைவு

பதினைந்து வருஷம் பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்துவிட்டு, நாற்பதை நெருங்கும்போது ஆராய்ச்சிப் படிப்பில் சேர்ந்தவரைக் கூடப் படித்தவர்கள் டீச்சர் என்றே கூப்பிட்டார்கள். ஈர்ப்பு என்பது வெளியும் காலமும் வளைவதுதான் என்று பள்ளியில் ஒரே மூச்சில் சொல்லிவந்தவர் அவர். அந்த வளைவைக் கணக்காகப் போட உட்கார்ந்தபோது முழி பிதுங்கியது. வகையீட்டு வடிவியல் புத்தகத்தில் ஒவ்வோர் எழுத்துக்கும் தலையிலும் காலிலும் குட்டி எழுத்துகள் தொங்கின.

வெள்ளிக்கிழமை துறையில் எல்லோர் முன்னாலும் அவர் பேசவேண்டும். பிரபஞ்ச இழை பற்றி. அப்படி ஒன்று இருந்தால் அது மிக மெல்லியதாக, நீண்டதாக இருக்குமாம். அதைச் சுற்றியுள்ள வெளி கூம்பின் பரப்பைப் போன்றது, ஆனால் அங்கே வளைவு பூஜ்யம் என்றது புத்தகம். டீச்சர் மூன்று தடவை போட்டும் பூஜ்யம் வரவில்லை. அதில் அவருக்கு உள்ளூரக் கொஞ்சம் திருப்திதான். கூம்பு வளைந்துதானே இருக்கிறது?

வியாழக்கிழமை நாத்தனார் சாப்பாட்டு டப்பாவை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள். காற்றுக்குழாயும் புகைபோக்கி மூடியும் செய்கிற பட்டறையில் தகடு வேலை அவளுக்கு. டீச்சர் டப்பாவை எடுத்துக்கொண்டு போனார்.

"என்ன அண்ணி, முகம் உம்முனு இருக்கு? அண்ணன் ஏதாவது சொன்னானா?"

"அவர் என்ன சொல்லப் போறார். ஒரு கூம்பு என்னைப் பாடாப் படுத்துது. அதுக்கு வளைவே இல்லைன்னு புத்தகத்துல போட்டிருக்கான்."

"சரியாத்தானே போட்டிருக்கான்."

டீச்சர் அவளை முறைத்தார். நாத்தனார் கையுறையைக் கழற்றாமலே மேஜைமேல் கிடந்த வட்டத் தகட்டைக் காட்டினாள். நடுப்புள்ளியிலிருந்து கேக் துண்டுபோல ஆறில் ஒரு பங்கு வெட்டி எடுத்திருந்தது.

"இதை அப்படியே சுருட்டி ஓரத்தை ஓரத்தோட சேர்த்தா கூம்பு. தகடு எங்கயும் நீளல, சுருங்கல. பிரிச்சுப் போட்டா மறுபடி தட்டையாப் படுத்துக்கும். வளைவுன்னா அந்த மூலையில இருக்குற அரைக்கோள மூடி. தட்டித் தட்டி நீட்டினாத்தான் வரும். காலையிலேருந்து அதுல என் தோள்பட்டை போச்சு."

டீச்சர் குனிந்து தகட்டைப் பார்த்தார். பிறகு சாக்பீஸ் வாங்கி, தட்டைத் தகடு முழுக்க ஒரே திசையைப் பார்க்கும் அம்புகளாக வரைந்தார்.

"இப்ப சுருட்டு."

சுருட்டும் இயந்திரத்தின் உருளைகளுக்கு நடுவே போய் வந்த தகடு கூம்பானது. அம்புகள் ஒழுங்காக அணிவகுத்து வந்து, இணைப்பில் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றன. வெட்டி எடுத்த துண்டின் கோணம் எவ்வளவோ அவ்வளவு திருப்பம். அறுபது பாகை.

"நடுவுல எங்கயும் திரும்பவே இல்ல. ஆனா உச்சியை ஒரு சுத்து சுத்தி வந்தா திரும்பிடுது" என்றார் டீச்சர், தனக்கே சொல்வதுபோல. "அப்ப வளைவு மொத்தமும் உச்சியிலதான் இருக்கு."

"உச்சியா? அதுதான் எங்களுக்கும் தலைவலி. மழைத்தண்ணி அங்கதான் ஒழுகும்."

பட்டறை வாசலில் நின்றபடியே டீச்சர் நோட்டைத் திறந்தார். கடைசிப் படியில் கழித்தல் குறி இருந்த ஒன்றைக் கழித்திருந்தார். அது கூட்டலாக மாறியிருக்கவேண்டும், மாற்றவில்லை. மூன்று தடவையும் அதே தப்பு. பள்ளிப் பிள்ளைகளை இதற்காக எத்தனை நாள் காய்ச்சி எடுத்திருக்கிறார். குறியை மாற்றியதும் இரண்டு உறுப்புகளும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விட்டன. பூஜ்யம். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

மறுநாள் அந்தக் கூம்பு மூடியையே கையோடு கொண்டுபோய் மேஜைமேல் வைத்துப் பேசினார். முன்வரிசையில் இருந்த பேராசிரியர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு கேட்டார்:

"இழைக்கு ரெண்டு பக்கமும் ஒளி போனா என்ன ஆகும்?"

டீச்சர் மூடியில் சாக்பீஸால் இரண்டு கோடுகள் இழுத்தார். இணையாகக் கிளம்பிய கோடுகள், இழை இருக்கும் இடமான உச்சியின் இரு புறமும் போய், அப்பால் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டன.

"ஒரே நட்சத்திரம் ரெண்டாத் தெரியும் சார்."

பேராசிரியர் எழுந்து வந்து கோடுகளை விரலால் தொட்டுப் பார்த்தார். அறை மொத்தமும் மேஜையைச் சுற்றிக் கூடியது.

அடுத்த வாரம் துறையிலிருந்து பத்துப் பேர் பட்டறைக்கே வந்து நின்றார்கள். நாத்தனார் ஒவ்வொருவர் கையிலும் ஒரு ஜோடி கையுறையைத் திணித்தாள். "தகட்டு ஓரம் கத்தி மாதிரி. முதல்ல இதைப் போடுங்க, அப்புறம் வளைவைப் பத்திப் பேசலாம்" என்றாள். பேராசிரியர்தான் முதலில் போட்டுக்கொண்டார்.