அதே விமானம்

நண்பகல் லுஹர் தொழுகையோடு அடக்கிவிடலாம் என்று பள்ளிவாசலில் முடிவாகி, புஹாரியைக் குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றி, கடைசியாகப் பார்ப்பவர்களுக்காக முகத்தை மட்டும் திறந்து வைத்திருந்த நேரத்தில் அவர் மனைவி நூருன்னிஸாவின் போன் அடித்தது. காலையிலேயே கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கியிருக்க வேண்டிய மகன் ஸுஹைல் இன்னும் கத்தாரிலிருந்துதான் பேசினான். விமானம் மேலே கிளம்பிய கொஞ்ச நேரத்தில் இறக்கையில் ஏதோ பைலட் சொன்னபடி கேட்கவில்லையாம். ஒரு பக்கமாகச் சாய்ந்ததாம். எண்ணெய் குறையும்வரை கடலுக்கு மேல் சுற்றிவிட்டு, புறப்பட்ட இடத்திலேயே இறக்கிவிட்டார்களாம். பழுது பார்த்து அதே விமானத்தை மறுபடி அனுப்பப் போகிறார்களாம்.

பள்ளிவாசல்காரர்கள் முகம் சுளிக்காமல் இரவு இஷாத் தொழுகை வரை பொறுப்பதாகச் சொன்னார்கள். "என்னைய கபுறுல எறக்குறது என் மகன்தான்" என்று கத்தரிக்காய் நிறுக்கும்போதுகூடச் சொல்லிக்கொண்டிருந்த மனிதர் புஹாரி. கலேவெலச் சந்தையில் அவரிடம் மரக்கறி வாங்கிய சிங்கள ஆட்களுக்கும் அது தெரியும்.

இரண்டாவது தடவை போன் வந்தபோது ஸுஹைலின் குரல் வேறாக இருந்தது. நூருன்னிஸா எழுந்து குசினிக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.

"உம்மா, எனக்கு ஏலாது. ஏறுற வாசல் வரைக்கும் போனேன். கால் போகுதில்ல."

"வாப்பாட மொகத்த பாக்க வேணாமா மகன்?"

அவன் அழுதான். விமானம் சாய்ந்தபோது பக்கத்தில் இருந்தவர் கலிமா சொன்னதையும், தான் அதைக்கூட மறந்துபோனதையும் சொன்னான். யாருக்கும் சொல்ல வேண்டாம், மனைவி பஸ்லாவுக்கும் சொல்ல வேண்டாம் என்று கெஞ்சிவிட்டு வைத்தான்.

அவளுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. தம்புள்ளை பஸ்ஸில் மிதிபலகையில் தொங்கிக்கொண்டே வளர்ந்த பயல் இவன். பிறகு கோபம் போய், பாவமாக இருந்தது. சூடு கண்ட பூனை அடுப்பண்டை போகாது. ஆனால் அதை ஊருக்கு யார் சொல்வது? வாப்பாவின் மையித்துக்கு வரப் பயந்தவன் என்று பெயர் விழுந்தால் அவன் பேரப்பிள்ளை காலம் வரை அது அழியாது. இந்த ஊர் கொடுத்த காசைக்கூட மறக்கும், இதை மறக்காது.

அவள் வெளியே வந்தபோது மருமகள் பஸ்லா போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். விமானங்கள் எங்கே போகின்றன என்று காட்டும் படம் அதில் ஓடியது. "கெளம்பிருச்சு மாமி" என்றாள். அழுது வீங்கிய முகத்தில் அப்படியொரு வெளிச்சம். கொஞ்ச நேரத்தில் பள்ளிவாசல் ஒலிபெருக்கியிலும் அறிவித்தார்கள். மகன் வந்துகொண்டிருக்கிறாராம், ஜனாஸா அடக்கம் இஷாவுக்குப் பிறகாம். கட்டுநாயக்காவுக்கு ஒரு வேனும் புறப்பட்டுப் போய்விட்டது.

நூருன்னிஸா கணவனின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். வெயில் தகரக் கூரையில் இறங்கிக்கொண்டிருந்தது. வராதவனுக்காக இந்த மனிதரை இரவு வரை போட்டு வைத்திருப்பது அவளுக்குப் பொறுக்கவில்லை. தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாணென்ன, முழமென்ன? பிற்பகல் அசர் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும், தன் அண்ணன் அஸ்ஹர் நானாவை வாசலுக்குக் கூப்பிட்டாள்.

"நானா, அசரோட எடுத்துருங்க."

"ப்ளேன் வந்துகிட்டிருக்கு தங்கச்சி. இவ்ளோ நேரம் பொறுத்துட்டோம்."

"மொகம் மாறிட்டு வருது. இனி வெக்க வேணாம்."

அவர் அவளை உற்றுப் பார்த்தார். என்ன நடந்தது என்று கேட்டார். ஒன்றுமில்லை, எடுங்கள் என்றாள். சேதி கூடத்துக்குப் போனதும் பெண்கள் தங்களுக்குள் முணுமுணுத்தார்கள். பெற்றவளுக்கே இவ்வளவு அவசரமா என்று ஒருத்தி அவள் காதுபடவே கேட்டாள். நூருன்னிஸா தலையைக் குனிந்து அதை வாங்கிக்கொண்டாள். அவன் வரவில்லை என்பதைவிட, அவனுக்காகப் பொறுக்காமல் இவள் எடுக்கச் சொன்னாள் என்பதே ஊர் வாயில் நிற்கட்டும்; மகனுக்கு விழவேண்டிய பெயர் தனக்கு விழட்டும் என்று நினைத்தாள்.

"ஏன் மாமி இப்புடி செய்றீங்க? அவரு என்னய கேட்டா நான் என்ன சொல்லுவேன்?" என்று பஸ்லா அவள் கையைப் பிடித்து உலுக்கினாள்.

நூருன்னிஸா கையை விடுவித்துக்கொண்டு கணவனின் அருகே போனாள். முகத்தை மூடினார்கள். ஆண்கள் கலிமாவை ஓதிக்கொண்டே சந்தூக்குப் பெட்டியைத் தூக்கினார்கள். முன்பக்கத்தில், மகன் தோள் கொடுக்கவேண்டிய இடத்தில், அஸ்ஹர் நானா குனிந்து தோள் கொடுத்தார். ஓதல் தெரு முனையைத் தாண்டித் தேய்ந்தது.

பஸ்லா சுவரோடு சரிந்து உட்கார்ந்து அழுதாள். அவள் மடியில் கிடந்த போனில், அந்தச் சின்ன மஞ்சள் விமானம் நீலக் கடலுக்கு மேல் இலங்கையைப் பார்த்து நேராக வந்துகொண்டிருந்தது.