பத்தாயிரம் வாலா

ஓட்டு எண்ணவே இன்னும் இரண்டு நாள் கிடந்தது. அதற்குள் வெற்றிக்கு வெடிக்கப் பத்தாயிரம் வாலா ஆர்டர் வந்துவிட்டது. "இந்தத் தரமும் அண்ணன்தான் மதினி. ஒங்க கையால பின்னிக் குடுங்க, நடுவுல நிக்காம வெடிக்கணும்" என்று வெடியையும் திரியையும் பஞ்சம்மாள் வாசலில் இறக்கிவிட்டுப் போனான் கட்சிக்காரன் மாரிக்கண்ணன். தாயில்பட்டியில் சரம் பின்ன அவளை அடிக்க ஆளில்லை. எம்மெல்லே நல்லசிவத்தின் முந்திய இரண்டு வெற்றிக்கும் அவள் பின்னியதுதான் வெடித்தது.

பெரிய வெற்றி! தொண்ணூற்றாறில் முதன்முதலாக நின்றபோது, வெடி விபத்தில் வெந்தவர்களை மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருக்கிறதே என்று மேடையில் அழுதார். இங்கேயே தீக்காய ஆஸ்பத்திரி கட்டுவேன் என்றார். ஊரே அள்ளிப் போட்டது. இரண்டாயிரத்தொன்றில் தேர்தலுக்கு முந்தின மாதம் அடிக்கல் நட்டார். மறுபடியும் அள்ளிப் போட்டது. இந்த முறை அந்தக் கல்லில் அழிந்துபோன தன் பெயருக்கு மட்டும் பெயிண்ட் அடித்துவிட்டு வந்து கும்பிட்டார். வெட்கங்கெட்ட மனுசன். அவரை மட்டும் சொல்லி என்ன? முதல் இரண்டு தரமும் வெயிலில் வரிசையில் நின்று இவளும்தானே குத்தினாள். நினைத்தால் தன் கன்னத்திலேயே அறைந்துகொள்ளத் தோன்றியது.

போன தீபாவளி சீசனில் மருந்து கலக்கும் அறை வெடித்து அவள் புருசன் கருப்பணன் வெந்தான். வாழை இலையில் சுற்றி மதுரைக்கு வேனில் ஏற்றினார்கள். இரண்டு தரம் தண்ணீர் கேட்டான். வேன் கள்ளிக்குடியைத் தாண்டவில்லை, உயிர் போய்விட்டது. மாலையோடு வந்த நல்லசிவம், "ஆஸ்பத்திரி வந்திரும்மா" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

பின்னினாள். சரிபாதியில் ஒரு முழத்துக்கு வெடியும் திரியும் வைக்காமல் வெறும் நூலை முடிந்து, மேலே சிவப்புத் தாளை ஒட்டினாள். முப்பது வருசத்தில் அந்தக் கை இப்படி ஒரு வேலை செய்ததில்லை.

ஜெயித்தவர் திறந்த ஜீப்பில் கைகூப்பி நின்றபடி வந்தார். ஜீப்புக்கு முன்னால் சரத்தை விரித்து மறுகோடியில் பற்றவைத்தார்கள். படபடவென்று நெருங்கி வந்தது, பாதியில் நின்றுபோயிற்று. மேளக்காரர்களும் நிறுத்திவிட்டார்கள். கூப்பிய கையை இறக்குவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார் நல்லசிவம்.

"என்ன மதினி இது?" என்றான் மாரிக்கண்ணன்.

அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஜீப்புக்கு முன்னால் போனாள்.

"எங்க வீட்டுக்காரரும் பாதி வளிதான் போனாரு" என்றாள் நல்லசிவத்தை நிமிர்ந்து பார்த்து. "கள்ளிக்குடியோட சரி. ஒங்க வெடி மட்டும் முளுசா வெடிக்கணுமாக்கும்?"

மீதியைப் பற்றவைக்க ஊதுபத்தியோடு குனிந்த மாரிக்கண்ணன் அப்படியே நிமிர்ந்தான். வெடிக்காத ஐயாயிரத்தின் மேல் பஞ்சம்மாள் ஏறி நின்றுகொண்டிருந்தாள்.