ஆள் சூடு

ஒரே சூட்டில் இருக்கும் இரண்டு வாயுக்களைக் கலக்கவிட்டால், அடுப்பே இல்லாமல் ஒன்று சூடேறும், மற்றது குளிரும்; கொழிஞ்சாம்பாறையிலிருந்து பொள்ளாச்சிவரை இதைக் கண்ணால் கண்ட முதல் மனிதன் தான்தான் என்று செங்கோட்டையன் கல்லூரி ஆய்வகத்தில் அறிவித்தான். யாரும் சிரிக்கவில்லை. அவனும்தான்.

எழுபத்து நான்காம் வருடத்துச் செய்முறைத் தேர்வு. வெளியூர்த் தேர்வாளர் தலையசைத்தால் எம்.எஸ்ஸி.க்குப் பரிந்துரைக் கடிதம். இல்லையென்றால் அப்பாவின் கடலைக்காடு.

மேலே ஹைட்ரஜன் ஜாடி, கீழே நைட்ரஜன் ஜாடி, நடுவே திருகு வைத்த குழாய். ஜாடிக்கொரு தெர்மாமீட்டர். திருகைத் திறந்தால் வாயுக்கள் கலக்கும். அப்போது சூடு கீழிருந்து மேலே போகும். மேலது கொஞ்சம் ஏற வேண்டும், கீழது கொஞ்சம் இறங்க வேண்டும்.

அவனோடு சேர்ந்து செய்யும் மயிலாத்தாள், தெர்மாமீட்டரைத் தூரத்திலிருந்தே படிக்க, ஆய்வகத் தொலைநோக்கியை ஜன்னலுக்கு வெளியே வராந்தாவில் நிறுத்தினாள்.

"கிட்டப் போகாதீங்க. ஆளு சூடு ஏறிக்கும்."

"ஏனுங்க, தெர்மாமீட்டருக்குக் கூச்சமுங்களா? நாம என்ன பொண்ணு பாக்கவா வந்தோம்?"

"எங்கப்பா வாழைத்தாரு பழுக்க மூட்டம் போட்டா அறைய மூடிப்போட்டு வந்துருவாருங்க. தொறந்து தொறந்து பாக்கறவன் காயத்தான் திங்கோணும்."

"நீங்க வாழப்பழத்தப் பாருங்க. நான் பௌதிகத்தப் பாக்கறேன்."

தேர்வாளர் வந்தார். செங்கோட்டையன் திருகைத் திறந்து, மூக்கு ஜாடியில் இடிக்கக் குனிந்து நின்றான்.

"ஏறுதுங்க சார்! முழுசா ஒரு டிகிரி!"

"கீழே?"

கீழேயும் ஒரு டிகிரி ஏறியிருந்தது.

"கலப்பால வந்த சூடுன்னா கீழது இறங்கணுமே தம்பி. இது உன் மூச்சு." அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சாப்பிட்டுட்டு வரேன். இன்னும் ஒரே ஒரு தடவை."

செங்கோட்டையன் சாப்பிடப் போகவில்லை. ஜாடிகளை மறுபடி நிரப்பினான். இரண்டு தெர்மாமீட்டரும் ஒரே கோட்டுக்கு வரும்வரை அறையை மூடிவைத்தான். பிறகு உள்ளே போய்த் திருகைத் திறந்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வந்து தொலைநோக்கியில் கண்ணை வைத்தான். நடுவே சுவரும் ஜன்னல் கண்ணாடியும் இருந்தும் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டான். மயிலாத்தாள் நோட்டைத் திறந்து பென்சிலோடு நின்றாள்.

மேலே பாதரசம் நகர்ந்தது. கீழே, ஒரு மயிரிழை, இறங்கியது.

தேர்வாளர் ஏப்பம் விட்டபடி வந்து, கதவைத் தள்ளக் கை வைத்தார். செங்கோட்டையன் குறுக்கே போய் நின்றான்.

"உள்ள போகாதீங்க சார்," என்றான், அடங்கிய குரலில். "ஆளு சூடு ஏறிக்கும். இப்படி வந்து பாருங்க."