பெட்டிக்குள் எரிந்த விளக்கு

பிளம்பரின் பழைய பிக்கப் வண்டி மாலையில் வீடு திரும்பும்போது நன்றாகத்தான் இருக்கும். காலையில் சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மனைவி ஸ்டியரிங்கைப் பிடிக்க, அவர் பின்னாலிருந்து தள்ளுவார். புது பேட்டரி வாங்கிப் போட்டும் கதை மாறவில்லை.

"நிறுத்தின வண்டியில ஏதோ ஒண்ணு கரண்டைக் குடிச்சுக்கிட்டிருக்கு" என்றார் மனைவியின் அண்ணன். எதைக் கண்டாலும் கரண்டை அளக்கும் மல்டிமீட்டரை நீட்டுவதால் சொந்தக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் மீட்டர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்து, அதன் நெகட்டிவ் வயரைக் கழற்றி நடுவில் மல்டிமீட்டரைக் கோத்தார். எல்லாவற்றையும் அணைத்த பிறகும் எண் இறங்கவில்லை. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டுப் பார்த்தார். விளக்குகளுக்கான ஃபியூஸைப் பிடுங்கியதும் எண் சடாரென்று விழுந்தது.

"பின்னாடி சாமான் பெட்டிக்குள்ள ஒரு லைட் இருக்குல்ல?"

இருந்தது. வண்டியின் முதுகில் அலமாரிபோல் ஒரு தகரப் பெட்டி. கதவைத் திறந்தால் விளக்கு எரியும், மூடினால் அணையும். அணைகிறதா என்று இதுவரை யாரும் பார்த்ததில்லை.

"போன்ல வீடியோ போட்டு உள்ள வச்சா தெரிஞ்சிடும்" என்றாள் மனைவி.

"போனை எல்லாம் நம்ப முடியாதும்மா. மனுஷன் பாக்கணும்" என்றார் மீட்டர். பிளம்பர் போன் இருந்த சட்டையைக் கழற்றி வெளியே மாட்டிவிட்டு, குழாய்த் துண்டுகளுக்கும் ரெஞ்சுகளுக்கும் நடுவில் மடங்கி உட்கார்ந்தார். மீட்டர் ஃபியூஸை மறுபடி செருகிக் கதவை மூடினார்.

"எரியுதா மாப்ளே?"

"ஜோரா எரியுது மச்சான்!"

"இப்ப?"

"அணைஞ்சிடுச்சு!"

"ஃபியூஸைப் பிடுங்கிட்டேன்! கண்டுபிடிச்சாச்சு!"

அண்ணனும் தங்கையும் கை குலுக்கிக்கொண்டார்கள். பிறகு கதவைத் திறக்கப் போனால் கைப்பிடி மட்டும் சுற்றியது, தாழ்ப்பாள் அசையவில்லை. நெம்புவதற்கான சாமான்கள் எல்லாம் பிளம்பரோடு உள்ளே இருந்தன.

"ஃபியூஸையாவது போடுங்க மச்சான், கும்மிருட்டா இருக்கு."

"போட்டா பேட்டரி இறங்கிடுமே மாப்ளே."

அப்போது சட்டைப் பையில் போன் அடித்தது. பல் டாக்டரம்மா. கிளினிக்கில் குழாய் பிடுங்கிக்கொண்டு தண்ணீர் கொட்டுகிறதாம். அடைக்கிற வால்வு எங்கே இருக்கிறதென்று தெரியவில்லையாம். அது பிளம்பருக்கு மட்டுமே தெரியும். கேட்டுச் சொல்வதற்குள் போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது.

"ஆளும் பெட்டியில, சாமானும் பெட்டியில. வண்டியை அப்படியே எடுக்க வேண்டியதுதான்" என்றாள் மனைவி. மீட்டர் வயரைப் பூட்ட, வண்டி கிளம்பியது.

கிளினிக் மாடியில் இருந்தது. பெட்டியின் காற்றோட்ட ஓட்டையில் மீட்டர் காதை வைத்துக்கொண்டார். மனைவி மேலே ஓடினாள். நடுவே படிக்கட்டில் செய்தி கடத்த ஆள் வேண்டியிருந்தது. பல் பிடுங்குவதற்காக ஊசி போட்டு, வாய் மரத்துப்போய் உட்கார்ந்திருந்த ஒருவர் தாமாக முன்வந்தார்.

"தொட்டிக்குப் பின்னாடி! சிவப்பு கைப்பிடி! வலது பக்கம் திருப்பணும்!" என்று பெட்டி கத்தியது. மீட்டர் அதை அப்படியே கத்தினார்.

"தொத்திக்குத் தின்னாதி, திவத்து கைத்திதி, வவது தக்கம்!" என்றார் படிக்கட்டுக்காரர், மிகுந்த பொறுப்புடன்.

"என்னத்தைத் தின்னணும்?" என்றாள் மேலே நின்ற மனைவி.

அவர் கோபித்துக்கொண்டு, மேலே ஏறிவந்து, வலது கையைத் தூக்கிக் காட்டினார். எதிரே நின்றவளுக்கு அது இடது பக்கமாகப் பட்டது. கைப்பிடியை அந்தப் பக்கமே திருப்பினாள். தண்ணீர் இன்னும் வேகமாகப் பாய்ந்தது. டாக்டரம்மா குடையை விரித்தார். மறுபக்கம் திருப்பிய பிறகுதான் நின்றது.

நனைந்த டாக்டரம்மா கீழே இறங்கி வந்தார், கையில் பல் பிடுங்கும் குறடு. தாழ்ப்பாளின் ஆணியைப் பற்றி, மெல்ல ஆட்டி, ஒரே இழுப்பு. கதவு திறந்தது. குறட்டைக் கண்டதும் பிளம்பர் தன்னையறியாமல் வாயை அகலமாகத் திறந்தார்.

"வாயை மூடிட்டு வெளிய வாங்க" என்றார் டாக்டரம்மா.

கதவு மூடும்போது விளக்கின் பொத்தானை அழுத்த வேண்டிய ரப்பர் தேய்ந்து காணாமல் போயிருந்தது. டாக்டரம்மா பல் அடைக்கும் பசையைக் குழைத்து, அந்த இடத்தில் கடைவாய்ப் பல் அளவுக்கு ஒரு மேடு கட்டி, நீல விளக்கு காட்டி இறுக வைத்தார். பிளம்பர் குழாயைச் சரிசெய்து இறங்கியபோது, மீட்டர் கதவைச் சாத்தி, ஃபியூஸைப் போட்டு அளந்துகொண்டிருந்தார். எண் கிட்டத்தட்டப் பூஜ்யம்.

"இருந்தாலும், ஒருத்தர் உள்ள போய்ப் பாத்துட்டா..." என்று அவர் திரும்பியபோது பக்கத்தில் யாரும் இல்லை. படிக்கட்டுக்காரர்கூட, அதற்குப் பல்லையே பிடுங்கக் கொடுத்துவிடலாம் என்று மேலே ஓடிவிட்டார்.

மறுநாள் காலை மனைவி சாவியைத் திருப்பினாள். வண்டி சட்டென்று உறுமிக்கொண்டு பாய்ந்தது. தெரு முனை தாண்டி, கடைவீதியும் கடந்த பிறகுதான் பக்கத்து இருக்கை காலியாக இருப்பதைப் பார்த்தாள். பிளம்பர் வீட்டு வாசலில் குப்புறக் கிடந்தார், தள்ளுவதற்காக நீட்டிய கைகள் அப்படியே நீண்டிருக்க.