கதவுக்கு வெளியே ஒரு தெரு

ஏழாவது ஆளாவது மூன்றாம் நாளைத் தாண்டுவாரா என்பதுதான் அந்த அலுவலகத்தின் அன்றைய கவலை. அலுவலகம் என்றதும் பெரிதாக ஒன்றும் நினைத்துக்கொள்ள வேண்டாம். நான்காவது மாடியில் ஒரு அறை, இரண்டு மேசை, மூன்று நாற்காலி, அதில் ஒன்றுக்குக் கால் ஆட்டம். அங்கே இரண்டு பேர் சேர்ந்து மூன்று வருடமாக ஒரே ஒரு கணினி விளையாட்டைச் செய்துகொண்டிருந்தார்கள். கதை எழுதுகிறவள் ஒருத்தி. அவளுக்குக் கதைக்காரி என்று பெயர் வைத்தவன் மற்றவன். புரோகிராம் எழுதுவது, படம் வரைவது, சத்தம் சேர்ப்பது எல்லாம் அவன்தான். எந்நேரமும் இப்போதுதான் படுக்கையிலிருந்து எழுந்து வந்த மாதிரி முகம் இருப்பதால், பதிலுக்கு அவள் அவனைத் தூங்குமூஞ்சி என்று கூப்பிட்டாள்.

விளையாட்டு ஒரு வீட்டைப் பற்றியது. புதிதாகக் கல்யாணமாகி வந்த ஒருத்தி. அவளுக்கு முன்னால் அங்கே இருந்த முதல் மனைவி என்ன ஆனாள் என்று யாருக்கும் தெரியாது. ஆடுகிறவர்தான் அந்தப் புது மனைவி. ஏழு நாளுக்குள் துப்புத் துலக்கி வெளியேற வேண்டும். பேய் கிடையாது, ரத்தம் கிடையாது, புருஷன் மட்டும்தான். அவன் கத்த மாட்டான், கை ஓங்க மாட்டான். ஏதாவது ஒன்று அவனுக்குப் பிடிக்காமல் போனால் சிரித்த முகத்தோடு, "நான் ஒண்ணும் சொல்லலையே" என்பான். உடனே திரை மெல்ல இருட்டும். பிறகு முதல் நாளிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

ஆடிப் பார்க்க ஆள் வந்தால் அங்கே ஒரு சட்டம் உண்டு. செய்தவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. ஆடுகிறவர் சுவரில் போய் முட்டினாலும், சாவியைக் காலடியில் வைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடினாலும், பின்னால் உட்கார்ந்து நோட்டில் குறித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். சொல்லிக் கொடுத்தால் சோதனை கெட்டுவிடும். கதைக்காரி இப்படி உதட்டைக் கடித்துக்கொண்டு ஆறு பேரைப் பார்த்திருந்தாள். ஆறு பேரும் மூன்றாம் நாள் சாயங்காலம், புருஷன் வேலை முடிந்து வரும் நேரத்தில் தோற்றுப்போனார்கள்.

"ஓவரா கஷ்டமா வச்சிட்ட. மனுஷனா பொறந்த எவனாலயும் இதைத் தாண்ட முடியாது" என்றான் தூங்குமூஞ்சி.

ஏழாவதாக வர ஒப்புக்கொண்டவர் கடைசி நேரத்தில் காய்ச்சல் என்று சொல்லிவிட, கதைக்காரி தன் அக்காவைக் கூப்பிட்டாள். அக்கா வருகிறாள் என்றால் மாமாவும் வருகிறார் என்று அர்த்தம். ஒன்பது வருடக் கல்யாண வாழ்க்கையில் அவர் அக்காவை எங்கும் தனியாக விட்டதில்லை. வியாழக்கிழமை மதியத்துக்கு மேல் அவருக்கு வேலை கிடையாது. அக்காவைக் காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, வாசலுக்கு எதிரே காரிலேயே உட்கார்ந்திருந்து, ஐந்து மணிக்குத் திரும்பக் கூட்டிக்கொண்டு போவார். "இப்படி ஒரு மாப்பிள்ளை அமையக் கொடுத்து வச்சிருக்கணும்" என்று அம்மா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிப் பூரித்துப்போவாள். கதைக்காரியும் அன்றுவரை அந்தக் கட்சிதான்.

அக்கா கைப்பேசியை மேசையில் நிமிர்த்தி வைத்துவிட்டு உட்கார்ந்தாள். அவள் வாழ்க்கையில் விளையாட்டுக் கருவியைக் கையால் தொட்டதில்லை. முதல் பத்து நிமிடம் திரையிலிருந்த பெண் கதவைத் தவிர எல்லாவற்றிலும் முட்டிக்கொண்டாள். தூங்குமூஞ்சி சிரிப்பை அடக்க முடியாமல் முகம் கழுவப் போய்விட்டான்.

அவன் திரும்பி வந்தபோது அக்கா மூன்றாம் நாளில் இருந்தாள். படியில் காலடிச் சத்தம் கேட்க இன்னும் இரண்டு நிமிடம் இருந்தது. அக்கா தொலைக்காட்சியை நிறுத்தினாள். பிறகு அதைத் தொட்டுப் பார்த்தாள். சூடு ஆறட்டும் என்று ஜன்னலைத் திறந்தாள். கழுவிய கோப்பையைத் துடைத்து, கைப்பிடி இடது பக்கம் இருக்கும்படி வைத்தாள். படித்துக்கொண்டிருந்த கடிதத்தை ஒளிக்கவில்லை, அவன் கண்ணில் படும் இடத்தில் மற்றக் காகிதங்களோடு போட்டாள். புருஷன் உள்ளே வந்து, "ஏன் இவ்வளவு அமைதியா இருக்கே?" என்று கேட்டான். திரையில் நான்கு பதில்கள் வந்தன. ஆறு பேரும் அந்த நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துத்தான் மாட்டிக்கொண்டார்கள். அக்கா ஒன்றையும் தொடவில்லை. அவன் உட்காரும் வரை காத்திருந்து, தண்ணீர் கொண்டுபோய் வைத்தாள்.

நான்காம் நாள் விடிந்தது.

கதைக்காரி சட்டத்தை மறந்தே போனாள். "எப்படிக்கா கண்டுபிடிச்ச?"

"இதுல கண்டுபிடிக்க என்னடி இருக்கு?" என்றாள் அக்கா. "வீட்டுல எப்படி இருப்போமோ அப்படித்தான் இருந்தேன்."

சொன்ன பிறகுதான் அக்காவின் கண் கைப்பேசிக்குப் போயிற்று. கதைக்காரியும் பார்த்தாள். அழைப்பு துண்டிக்கப்படாமல் இருந்தது. இருபத்திரண்டு நிமிடம், பதின்மூன்று நொடி, பதினான்கு நொடி என்று ஓடிக்கொண்டிருந்தது. கீழே காரில் உட்கார்ந்திருந்த மாமா, அக்கா வந்து உட்கார்ந்த நேரத்திலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த விளையாட்டுப் புருஷனைக் கதைக்காரி தன் கற்பனையில் பிறந்தவன் என்றுதான் மூன்று வருடமாக நினைத்துக்கொண்டிருந்தாள். "நான் ஒண்ணும் சொல்லலையே" எங்கே கிடைத்தது? அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில். மாமா சொன்னார், அக்கா சட்டென்று எழுந்து போனாள். நல்ல வரி கிடைத்தது என்ற சந்தோஷத்தில் இவள் குளியலறைக்குள் ஓடிப்போய் அதைக் குறித்து வைத்தாள். கோப்பைக் கைப்பிடியும் அந்த வீட்டுக் கைப்பிடிதான். பார்த்ததையெல்லாம் கதைக்கென்று அள்ளிக்கொண்டு வந்தவள், அக்கா முகத்தை ஒரு தரம் நின்று பார்க்கவில்லை. தன்மேல் அவளுக்கு வந்த வெறுப்பு கொஞ்சநஞ்சமல்ல.

நாலரை மணிக்கு அக்கா ஏழாம் நாளை முடித்தாள். வாசல் கதவு திறந்தது. வெளியே ஒரே வெளிச்சம். ஓரடி எடுத்து வைத்தால் வெற்றி. அக்கா எடுத்து வைக்கவில்லை.

"வெளிய என்ன இருக்கு?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் இல்லக்கா. அங்க ஆட்டம் முடிஞ்சிடும்."

"அப்போ எதுக்குப் போகணும்?"

திரையிலிருந்த பெண் மெதுவாகத் திரும்பி வீட்டுக்குள் போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். கதைக்காரி நோட்டைத் திறந்து, 'இப்பவே என்கூட வந்துடு' என்று எழுதி அக்காவின் மடியில் வைத்தாள்.

அக்கா பேனாவை வாங்கிக்கொண்டாள். 'ரெண்டு தடவை அம்மா வீட்டுக்குப் போனேன். ரெண்டு தடவையும் அம்மாவே திருப்பிக் கொண்டுவந்து விட்டாள். உன் வீடு அவருக்குத் தெரியும். இந்தக் கட்டடத்துக்கு வாசல் ஒண்ணுதான்.' கொஞ்சம் யோசித்துவிட்டு மறுபடி எழுதினாள். 'பகலில் தனியாகத்தான் இருக்கேன். பூட்டுகூடக் கிடையாது. மணிக்கு ஒரு தடவை அவர் போன் வரும், எடுக்கணும். இல்லாட்டா பத்து நிமிஷத்தில் வீட்டில் நிற்பார். ஒன்பது வருஷமா கார் கண்ணாடி வழியா பார்த்ததுதான், எனக்கு ஒரு தெருவும் தெரியாதுடி.'

எழுதியதைத் தானே கிழித்து, பொடிப்பொடியாக்கி, தங்கையின் கையில் கொடுத்தாள். பிறகு சத்தமாக, "விளையாட்டு நல்லா இருக்கு" என்றாள்.

மறுநாள் காலை கதைக்காரி எல்லாவற்றையும் தூங்குமூஞ்சியிடம் கொட்டித் தீர்த்தாள். அவன் வழக்கம்போல் பாதிக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். விளையாட்டை வெளியிட இன்னும் ஐந்து வாரம்தான் இருந்தது, மூன்று வருட உழைப்பு. அவள் கடைசியில், "கதவுக்கு வெளிய ஒரு தெரு வேணும்டா" என்றாள்.

"எங்க இருந்து எதுவரைக்கும்?"

"அக்கா வீட்டு வாசல்ல இருந்து. எதுவரைக்கும்னுதான் தெரியல. எங்க வீடு ஆகாது."

"எங்க சின்னம்மா வீட்டு மாடி காலியா இருக்கு" என்றான் அவன். "அம்பது ஆம்பளை நோயாளிங்க இருந்த வார்டை ஒத்தை ஆளா அடக்கி வச்ச நர்ஸ் அவங்க. உங்க மாமா அங்க வந்து பார்க்கட்டும், அப்புறம் தெரியும்."

அவன் தூங்குமூஞ்சி என்று யார் சொன்னது? அன்றைக்கே அந்த வழியை மூன்று முறை நடந்தான், ஒவ்வொரு திருப்பத்துக்கும் எத்தனை அடி என்று எண்ணினான், பேருந்து எத்தனை நிமிடம் எடுக்கிறது என்று குறித்தான். அக்கா தெருவில் இடது பக்கம், மருந்துக் கடை தாண்டிப் பேருந்து நிறுத்தம், ஐந்தாவது நிறுத்தத்தில் இறக்கம், சந்துக்குள் இரண்டு திருப்பம், மாடிப்படி, கதவு. மாமா பார்த்தால் தெரியக் கூடாதே! அதனால் தெரு முழுக்க மூடுபனி போட்டான். மருந்துக் கடையை உடைந்த கோபுரமாக்கினான். பேருந்தில் முகமில்லாத பயணிகளை உட்காரவைத்தான். திருப்பமும் தூரமும் நேரமும் மட்டும் நிஜம்.

அடுத்த வியாழக்கிழமை கதைக்காரி நோட்டில் முன்கூட்டியே எழுதி வைத்திருந்தாள்: 'ஆரம்பம் உன் வீட்டு வாசல். உடைந்த கோபுரம்தான் மருந்துக் கடை. முடிவு உனக்காகக் காத்திருக்கும் அறை. அவருக்குத் தெரியாத இடம். திங்கட்கிழமையிலிருந்து எந்நேரமும் ஆள் இருக்கும். ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேரணும்.' அக்கா அதை இரண்டு முறை படித்தாள். கருவியைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

முதல் முறை வாசலிலேயே வலது பக்கம் திரும்பிவிட்டாள். பனிக்குள் சுற்றிச் சுற்றி, அதே கோபுரத்துக்கே வந்து நின்றாள். பின்னால் உட்கார்ந்திருந்த தங்கைக்கு, 'இடது பக்கம்கா, இடது பக்கம்' என்று கத்த வேண்டும்போல இருந்தது. மேசையில் கைப்பேசி அழைப்பு ஓடிக்கொண்டிருந்தது. திரையில் அந்த அறைக் கதவை அக்கா தொட்டபோது ஒரு மணி இருபது நிமிடம் ஆகியிருந்தது. அக்கா முதலிலிருந்து ஆரம்பித்தாள். இரண்டாம் முறை ஒரு மணி நான்கு நிமிடம்.

மூன்றாவது வியாழக்கிழமை நாலே கால் மணிக்கு அலுவலகக் கதவு தட்டப்பட்டது. தூங்குமூஞ்சி திறந்தான். மாமா நின்றுகொண்டிருந்தார்.

"அப்படி என்னதான் டெஸ்ட் பண்றீங்கன்னு பார்க்கலாம்னு வந்தேன்" என்று சிரித்தபடி உள்ளே வந்து, அக்காவின் நாற்காலி முதுகில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

திரையில் அவர் வீட்டிலிருந்து கிளம்பிய பெண் சந்துக்குள் ஓடிக்கொண்டிருந்தாள். இரண்டாவது திருப்பம் வரவேண்டியிருந்தது.

"தெருவுல நடக்குறதெல்லாம் ஒரு விளையாட்டாம்மா?" என்று கதைக்காரியைக் கேட்டார்.

"நடந்து பார்த்தாதான் மாமா எங்க இடிக்குதுன்னு தெரியும்" என்றாள்.

மாமா குனிந்து திரையை உற்றுப் பார்த்தார். பனி, இருட்டுச் சுவர்கள், தூரத்தில் ஒரு விளக்கு. எங்கேயோ பார்த்த இடம் என்று இந்த மனிதனுக்குத் தோன்றிவிட்டால் எல்லாம் போச்சு. தூங்குமூஞ்சி மின்சார ஒயரைக் காலால் இழுத்துவிடத் தயாராக நின்றான்.

"எதுக்கு இந்த ஓட்டம்? விழுந்து வைக்கப் போறே" என்றார் மாமா அக்காவிடம். பிறகு மென்மையாக, "நான் ஒண்ணும் சொல்லலையே" என்றார்.

அக்காவின் விரல் தானாக விலகியது. திரையிலிருந்த பெண் நடுத்தெருவில் நின்றுவிட்டாள். மூலையில் நேரம் மட்டும் ஓடியது. நாற்பத்தாறு, நாற்பத்தேழு. மாமா காத்திருந்தார், ஒன்பது வருடமாக இந்த வாக்கியத்துக்குப் பிறகு அக்கா கையிலிருப்பதை வைத்துவிட்டு எழுந்திருப்பது வழக்கம். திரை இருட்டவில்லை, அதில் அப்படி ஒன்றும் எழுதி வைத்திருக்கவில்லை.

அக்கா பொத்தானை அழுத்தினாள். அந்தப் பெண் நடந்தாள். திருப்பம், படி, கதவு. ஐம்பத்திரண்டு நிமிடம்.

"முடிச்சிட்டேன். போகலாங்க" என்று அக்கா எழுந்தாள். மாமா கைப்பேசியை எடுத்துக் கொடுத்தார். காரில் ஏறும்போது அக்கா மேலே நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை போயிற்று. ஒரு செய்தியும் இல்லை. கூப்பிட்டுக் கேட்கவும் வழியில்லை. செவ்வாய்க்கிழமை முழுவதும் கதைக்காரி மணி அடிக்கும்போதெல்லாம், இப்போது அக்கா போனை எடுத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டாள். அக்கா இனி வரப்போவதில்லை, தெருவைக் காட்டி ஆசையை மூட்டி அவளை இன்னும் நோகடித்ததுதான் மிச்சம் என்று அழுதாள். தூங்குமூஞ்சி ஆறுதல் சொல்லத் தெரியாமல் ஆட்டம் கண்ட நாற்காலிக் காலைச் சரிசெய்தான்.

புதன்கிழமை காலை பதினொன்றுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது அவனுடைய கைப்பேசி அடித்தது. சின்னம்மா. அவன் அதை அப்படியே கதைக்காரியிடம் நீட்டினான். மறுமுனையில் மூச்சிரைப்பு மட்டும் கேட்டது.

"அக்கா?"

"உன் ஆட்டத்துல ஒரு தப்பு இருக்குடி" என்றாள் அக்கா.

"என்னக்கா?"

"ரெண்டாவது திருப்பத்துல ஒரு நாய். இவ்வளவு பெருசு. வழியை மறிச்சு நின்னுச்சு. நீங்க வைக்கவே இல்லையே!" மூச்சு வாங்கிக்கொண்டாள். "திரும்பிப் போயிடலாம்னு ஒரு நிமிஷம் நின்னேன். அப்புறம் போனேன். ஒண்ணும் பண்ணலை."

கதைக்காரிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "நாயை வச்சிடறோம்கா" என்றாள்.

"வை" என்றாள் அக்கா. "கடிக்காதுன்னு மட்டும் யாருக்கும் முன்னாடியே சொல்லிடாதே."