நாலாவது பஞ்சு

கிட்டார்க்காரரின் வலது கையில் இருந்த நாலு நகங்களும் ஆறு வருஷமாக அவருடையவை அல்ல. பவுடரையும் திரவத்தையும் குழைத்து, சின்னத் தூரிகையால் நகத்தின்மேல் அப்பி, காய்ந்தபின் அரத்தால் தேய்த்து உருவம் கொடுத்த அக்ரிலிக் நகங்கள். கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடு விரல், மோதிர விரல். சுண்டு விரலுக்கு அந்த வாத்தியத்தில் வேலை இல்லை என்பதால் அது பாட்டுக்கு மொட்டையாகக் கிடக்கும். இடது கையில் ஐந்தும் ஒட்ட வெட்டியிருக்கும், இல்லாவிட்டால் தந்தியை அழுத்த முடியாது. மணப்பெண்களைப் பத்து விரலும் பளபளக்க அனுப்பிப் பழகிய நகக்காரிக்கு இந்த மனுஷனை நாலே நாலு நகத்தோடு வாசல் தாண்ட விடுவது, பாதிச் சவரத்தில் ஒருவரை எழுப்பி அனுப்புகிற மாதிரி முதல் வருஷம் முழுக்க உறுத்தியது.

நகக்காரி என்றால் வசவு இல்லை. தெருவில் எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிட்டார்கள், அவளும் திரும்பிப் பார்த்தாள். மூன்று நாற்காலி போட்ட கடை. வாசல் மேஜையில் அக்கா உட்கார்ந்து வருகிறவர்களுக்கு நேரம் குறித்துக் கொடுப்பாள். உள்ளே தங்கையான இவள் நகம் போடுவாள்.

பதினெட்டு நாளைக்கு ஒருமுறை கிட்டார்க்காரர் வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். அவள் தேய்ப்பாள். அவர் ஒரு சின்ன மெட்டை வாசித்துப் பார்ப்பார். எப்போதும் அதே மெட்டுதான். வாசித்துவிட்டு, காதில் எறும்பு புகுந்தவர் போலத் தலையைச் சாய்த்து, “இன்னும் கொஞ்சம்” என்பார். மறுபடி தேய்ப்பாள். “இடது ஓரம் இன்னும் ஒரு முடி அளவு.” மறுபடி. “இப்போ கொஞ்சம் கூடிப்போச்சு.” தேய்த்ததை எப்படித் திருப்பி வைப்பது? அதையும் வைத்திருக்கிறாள், பவுடர் போட்டு. ஒரு நகத்துக்கு ஒரு மணி நேரம் அவளுடைய உயிரை வாங்குவார். வீட்டில் அவர் ஒரு டப்பா மூடியைத் திறந்து ஆறு வருஷம் ஆகிறது. “இவரு நகத்தைக் கட்டிக்கிட்டுத்தான் நான் குடும்பம் நடத்துறேன்” என்று அவர் மனைவி ஒருமுறை கடைக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டாவது வருஷம் நகக்காரிக்குப் பொறுமை போய்விட்டது. இந்த ஆள் கேட்கிற சரிவு நிஜமாகவே உண்டா, இல்லை சும்மா படுத்துகிறாரா என்று பார்க்க, அதே அளவில், அதே சரிவில் தன் வலது மோதிர விரலில் ஒன்றைப் போட்டுப் பார்த்தாள். அடுத்த தடவை அவர் “மோதிர விரல் சத்தம் கரகரங்குதே” என்று ஆரம்பித்தபோது, “நகம் நல்லாத்தான் இருக்கு சார். நீங்க மீட்டுற விதம்தான் சரியில்ல” என்று சொல்லி, தன் விரலாலேயே தந்தியை மீட்டிக் காட்டினாள். சத்தம் தேன் மாதிரி விழுந்தது. அவர் முகம் தொங்கிப்போனது. அன்றிலிருந்து அந்த நகத்தை அவள் எடுக்கவே இல்லை. அவர் பதில் பேச முடியாமல் உட்காருவதைப் பார்ப்பதில் அவளுக்கு அவ்வளவு ஆசை.

இப்படி இருக்கையில்தான் இசைப் பள்ளியில் கிட்டார் ஆசிரியர் வேலை ஒன்று காலியானது. நிரந்தர வேலை. ஐம்பது வயதுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. கிட்டார்க்காரருக்கு அடுத்த மாதம் ஐம்பது முடிகிறது. இருபது வருஷமாக ஹோட்டல் வரவேற்பறையில், பெட்டி உருட்டுகிற சத்தத்துக்கு நடுவே வாசித்தவர். இந்தத் தேர்வை விட்டால் மிச்ச காலமும் அந்தப் பெட்டிகளோடுதான். ஆளைப் பார்த்து யாரும் சலுகை காட்டக்கூடாது என்று திரைக்குப் பின்னால் உட்கார்ந்து வாசிக்க வேண்டுமாம். வாயைத் திறந்து பேசினால்கூடத் தள்ளுபடி.

தேர்வு அன்று காலை கடை திறக்கும்போதே வந்து நின்றார். கை வெடவெடவென்று நடுங்கியது. நடுங்குகிற கையில் நகம் போட யாரால் முடியும்? மணப்பெண்களுக்குக் கடைசியில் செய்கிற எண்ணெய் மசாஜை நகக்காரி அன்று முதலிலேயே செய்தாள். கை மெல்ல அடங்கியது. ஆனால் எண்ணெய்ப் பசை இருந்தால் அக்ரிலிக் ஒட்டாது, ஒட்டின மாதிரி பாவனை செய்துவிட்டு இரண்டு மணி நேரத்தில் பெயர்ந்துவிடும். அதற்காக அவளிடம் ஒரு முறை உண்டு. விரலுக்கு ஒரு பஞ்சு என்று எண்ணி வரிசையாக வைத்து, எண்ணெய் நீக்கும் திரவத்தில் தோய்த்து, ஒவ்வொன்றாகத் துடைத்துப் போடுவாள். அன்றும் நாலு பஞ்சு வைத்தாள். மூன்றாவது விரலைத் துடைத்தபோது வாசலிலிருந்து அக்கா கத்தினாள்.

“ஏய், பல் டாக்டரம்மா பதினொரு மணிக்கு வரலாமான்னு கேக்குறாங்க!”

“வரச் சொல்லு!”

வாசல் பக்கம் பதில் சொல்லிவிட்டுத் திரும்பி, தூரிகையை எடுத்தாள்.

அன்று ஒரு அதிசயம் நடந்தது. நகம் காய்ந்ததும் கிட்டார்க்காரர் அந்த மெட்டை ஒரே ஒரு முறை வாசித்தார். தலையைச் சாய்க்கவில்லை. முடி அளவு, நூல் அளவு என்று எதுவும் சொல்லவில்லை. “பிரமாதம்மா” என்றார். ஆறு வருஷத்தில் அந்த வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து அவள் கேட்டதில்லை. வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தாள்.

மேஜையைத் துடைக்கும்போதுதான் பார்த்தாள். மூன்று பஞ்சு அழுக்கு. நாலாவது பஞ்சு வெள்ளை வெளேரென்று கிடந்தது.

போன் போட்டாள், அணைத்து வைத்திருந்தார். பஞ்சைக் கைக்குள் இறுக்கிக்கொண்டு நகச் சாமான் பெட்டியைத் தூக்கினாள்.

“பல் டாக்டரம்மா வர்ற நேரம்டீ!” என்றாள் அக்கா.

“அவங்களை வாயைத் திறந்துக்கிட்டு உக்காரச் சொல்லு. அவங்க மத்தவங்களுக்கு அதைத்தானே சொல்றாங்க” என்று கத்திக்கொண்டே ஓடினாள்.

தேர்வு அறை வாசலில் ஒரு குமாஸ்தா பதிவேட்டோடு உட்கார்ந்திருந்தார். எதையும் எழுதினால்தான் அது உலகத்தில் இருக்கிறது என்று நம்புகிற ரகம்.

“நம்பர்?”

“எனக்கு நம்பர் இல்ல சார். உள்ள இருக்காரே, கிட்டார்க்காரர், அவரோட மோதிர விரல் நகம் கழண்டுடும். நான் ஒட்டணும்.”

“பதினேழாம் நம்பர். அவர் உள்ள போயாச்சு. வேற ஆளுக்கு அனுமதி கிடையாது. கால் வைக்கிற பலகை, நோட்டு வைக்கிற ஸ்டாண்டு, இந்த மாதிரி உபகரணம்னா அனுப்பலாம்.”

“அப்ப என்னை உபகரணம்னு எழுதிக்கோங்க.”

குமாஸ்தா கண்ணாடியைக் கழற்றி அவளை மேலும் கீழும் பார்த்தார். விதிப் புத்தகத்தைப் புரட்டினார். உபகரணத்துக்கு உயிர் இருக்கக்கூடாது என்று எங்கேயும் போட்டிருக்கவில்லை.

“உபகரணம் பேசுமா?”

“பேசாது சார்.”

“இப்பப் பேசுச்சே?”

நகக்காரி வாயை மூடிக்கொண்டாள். அவர் திருப்தியாகி, ‘உபகரணம்: ஒன்று. பெட்டியுடன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, எண் 17 என்று ஒரு சீட்டை அவள் தோளில் ஒட்டி உள்ளே விட்டார்.

திரைக்குப் பின்னால் கிட்டார்க்காரர் முதல் உருப்படியைப் பாதி தாண்டியிருந்தார். அவளைப் பார்த்ததும் கண் விரிந்தது, கை நிற்கவில்லை. அவள் தன் மோதிர விரலைத் தூக்கிக் காட்டி, அது கழன்று விழுவதை அபிநயத்தில் சொன்னாள். என்ன புரிந்துகொண்டாரோ, தலையை ஆட்டினார். கடைசிச் சுரத்தை ஓங்கி மீட்டினார். அப்போதுதான் அந்த நகம் டப்பென்று பெயர்ந்து, மேலே கிளம்பி, திரையைத் தாண்டிப் போனது. அந்தப் பக்கம் தண்ணீரில் ஏதோ விழுந்த சத்தம் கேட்டது.

தேர்வுக் குழுவில் மூன்று பேர். தலைவி ஒருவர், தாடிக்காரர் ஒருவர், தூங்குகிறவர் ஒருவர். விழுந்தது தலைவியின் தம்ளரில்.

“என் தண்ணியில என்ன?” என்றார் தலைவி.

“விட்டம் பழசு மேடம், உதிரும்” என்றார் வாசலிலிருந்து குமாஸ்தா.

“சரி. பதினேழு, அடுத்தது உங்க விருப்பம், எதை வேணா வாசிங்க. அரை நிமிஷத்துல சத்தம் வரலைன்னா அடுத்த நம்பரைக் கூப்பிட்டுடுவோம்.”

புது நகம் போட்டுக் காயவே நாலு நிமிஷம் வேண்டும். நகக்காரி அவருடைய மோதிர விரலைப் பிடித்துப் பார்த்தாள். ஆறு வருஷம் மூடியே கிடந்த சொந்த நகம் காகிதமாக வளைந்தது. அவர் அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் துளி கோபம் இல்லை, அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. நான்தான் கெடுத்தேன், இந்த மனுஷன் வாழ்க்கையை ஒரு பஞ்சு மிச்சம் பிடித்துக் கெடுத்துவிட்டேன் என்று உள்ளே அழுதாள்.

அழுதுகொண்டிருக்க நேரம் இல்லை. அவர் பக்கத்தில் மண்டி போட்டாள். வலது கையை நீட்டி, தன் மோதிர விரலை முதல் தந்தியின் மேல் வைத்தாள்.

கிட்டார்க்காரர் ஒரு விநாடி யோசித்தார். பிறகு கடையில் வாசிக்கிற அந்த மெட்டை ஆரம்பித்தார். கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடு விரல் அவருடையவை. நாலாவதாக மோதிர விரல் வரும் இடத்தில் அவள். ஆறு வருஷம், பதினெட்டு நாளைக்கு ஒருமுறை, ஒவ்வொரு முறையும் இருபது தடவை கேட்டிருக்கிறாள். எங்கே வரும், எங்கே மூச்சு விடும், எங்கே கொஞ்சம் தயங்கும் என்று அவளுடைய எலும்புக்குத் தெரியும். ஒரு இடத்திலும் தப்பவில்லை. இரண்டு பேர் கையும் ஒன்றை ஒன்று இடித்துக்கொள்ளாமல் தந்திகளின் மேல் ஓடின. மெட்டு முடிந்தது.

“என்ன ஒரு மோதிர விரல்!” என்று எழுந்தார் தலைவி. “மத்த மூணும் சுமார்தான். ஆனா அந்த விரல் இருக்கே!” விதியையெல்லாம் மறந்து வந்து திரையை இழுத்துவிட்டார்.

நாற்காலியில் ஒருவர், தரையில் மண்டி போட்டு ஒருத்தி.

“அந்த விரல் என்னோடது இல்லீங்க” என்றார் கிட்டார்க்காரர், யாரும் கேட்பதற்கு முன்னாலேயே.

தலைவியின் முகம் விழுந்தது. “ரெண்டு பேர் சேர்ந்து வாசிச்சா தள்ளுபடி. நான் என்ன பண்றது?”

குமாஸ்தாவுக்குச் சுருக்கென்றது. பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தார். “மேடம், ரெண்டு பேர்னு யார் சொன்னது? ஆள் ஒண்ணு, உபகரணம் ஒண்ணு. நான் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கேன். அந்த கிட்டாரும்தான் சத்தம் போட்டுச்சு, அதுக்காக அவரைத் தள்ளுபடி பண்ணுவீங்களா?”

தலைவி தாடிக்காரரைப் பார்த்தார். தாடிக்காரர் தாடியைப் பார்த்தார். தூங்குகிறவர் கண் திறந்து, “பண்ண மாட்டோம்” என்று தெளிவாகச் சொல்லிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். அதன்பின் எதிர்த்துப் பேச யாருக்கும் தெம்பு இல்லை. பதினேழாம் நம்பருக்கு வேலை என்று முடிவானது. உபகரணத்தைப் பழுதில்லாமல் பராமரிப்பது அவர் பொறுப்பு என்று குமாஸ்தா ஒரு வரி சேர்த்துக்கொண்டார்.

தலைவி தம்ளருக்குள் விரலை விட்டு நகத்தை எடுத்துக் கொடுத்து, “ரொம்ப நல்ல உபகரணம்” என்று நகக்காரியின் தோளைத் தட்டினார்.

அந்தப் பாராட்டுதான் அவளைக் கொன்றது. வராந்தாவுக்கு வந்ததும் கிட்டார்க்காரர் முன்னால் இடது கையை விரித்தாள். வியர்வையில் நசுங்கிய பஞ்சு.

“நான் உங்களைக் காப்பாத்த வரல சார். தப்பே என்னோடது. மோதிர விரலைத் துடைக்காமலே போட்டுட்டேன்.”

“தெரியும்மா” என்றார் அவர்.

“தெரியுமா?”

“அக்கா கூப்பிட்டாங்க, நீங்க திரும்புனீங்க, அந்த விரலை விட்டுட்டீங்க. பார்த்துக்கிட்டுத்தானே இருந்தேன். சொல்ல வாய் வந்துச்சு. ஆனா கிளம்புறப்ப என் பொண்டாட்டி, ‘இன்னிக்கு ஒரு நாளாவது அந்தப் பொண்ணைக் குறை சொல்லாம வாங்க’ன்னு சத்தியம் வாங்கிக்கிட்டா. எனக்கும் சரின்னு பட்டுச்சு. ஆறு வருஷமா உங்களை எவ்வளவு படுத்தியிருக்கேன்.”

நகக்காரி பெட்டியைத் தரையில் டமாரென்று வைத்தாள்.

“ஆறு வருஷம்! முடி அளவுக்கு, நூல் அளவுக்கு ஏறி உக்காந்து சொன்னீங்க! சொல்ல வேண்டிய ஒரே ஒரு நாள் வாயை மூடிக்கிட்டீங்களா? பிரமாதமாம் பிரமாதம்! அந்த ஒரு வார்த்தைக்கு நான் கண்ணு கலங்கி வாசல் வரைக்கும் வந்தேனே!” சொல்லும்போதே அழுகை வந்தது, கூடவே சிரிப்பும் வந்து தொலைத்தது. “இனிமே நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா, நான் நகமே போட மாட்டேன்.”

வராந்தா பெஞ்சில் அவரை உட்கார வைத்து, அதே பஞ்சைத் திரவத்தில் தோய்த்து, மோதிர விரலைத் தோல் கழன்றுவிடும்போல் துடைத்தாள். பவுடரைக் குழைத்துப் போட்டாள். காய்ந்ததும் தேய்த்தாள். அவர் கிட்டாரை மடியில் வைத்து அந்த மெட்டை வாசித்தார். வாசித்துவிட்டு, பயந்து பயந்து அவளைப் பார்த்தார்.

“சொல்லுங்க” என்றாள் அவள்.

“இல்ல, அது வந்து...”

“சார்!”

அவர் தலையை மெல்லச் சாய்த்தார். “இடது ஓரம் இன்னும் கொஞ்சம்.”

நகக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டு அரத்தை எடுத்தாள்.